முதலில் ஆர்டர், அப்புறம் பிரிண்ட்

புயலோ வெள்ளமோ வந்து போன அடுத்த வாரமே ‘எங்கள் படங்களை விற்று நிவாரண நிதி திரட்டுகிறோம்’ என்று புகைப்படக் கழகங்கள் கிளம்பிவிடுகின்றன. மனசு பெரிசுதான். கணக்கு முடிக்கும்போது கையில் நிற்கும் தொகைதான் சிறிசாகிவிடுகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைச் சுற்றியே.

எங்கள் கழகத்தில் 40 உறுப்பினர்கள். ஆளுக்கு ஒரு படத்தை ஃப்ரேம் போட்டுக் கொடுத்து, கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் கண்காட்சி வைத்து விற்று, புயல் நிவாரணத்துக்குக் கொடுப்பதாகத் திட்டம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், கடலூர்

ஃப்ரேமில்தான். 12-க்கு 18 அங்குலப் படத்துக்குக் கண்ணாடியோடு ஃப்ரேம் போட ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 40 படத்துக்கு 40,000. ஒரு ரூபாய் உள்ளே வருவதற்கு முன்னாலேயே இது வெளியே போய்விடும். பதினைந்து படம் விற்று இருபத்தைந்து மிஞ்சினால், மிஞ்சியவற்றின் செலவையும் விற்ற பதினைந்துதான் சுமக்க வேண்டும். கண்ணாடி போட்ட படத்தைக் கூரியரில் அனுப்பவும் முடியாது. அப்படியானால் வாங்குகிறவர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்; உள்ளூர்க்காரர்களில் பாதிப் பேர் அதே புயலில் அடிபட்டவர்கள்.

தலைகீழாகச் செய்யுங்கள். எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு, ஒரே தாள், ஒரே விலை, பிரிண்ட் போட ஒரே லேப். ஏழு அல்லது பத்து நாள் மட்டும் ஆர்டர் வாங்குங்கள். தேதி முடிந்ததும், பணம் வந்த பிரிண்டுகளை மட்டும் போடுங்கள். ஃப்ரேம் வாங்குபவர் பொறுப்பு. மிச்சமும் இல்லை, முதலீடும் இல்லை.

இந்த முறை பெரிய அளவில் வேலை செய்து காட்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா இத்தாலியின் பெர்கமோ நகரைப் புரட்டிப் போட்டபோது, 100 புகைப்படக்காரர்கள் ஆளுக்கு ஒரு படம் கொடுத்தார்கள். எந்தப் படமானாலும் 100 யூரோ. அந்த ஊர் மருத்துவமனைக்கு 7 லட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது. அடுத்த மாதமே நியூயார்க்கின் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனைக்காக 187 பேர் படம் கொடுத்தார்கள். ஒரு பிரிண்ட் 150 டாலர். வந்தது 13 லட்சம் டாலருக்கு மேல். அங்கே பெயர்பெற்றவர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் படத்துக்கும் புதியவர் படத்துக்கும் ஒரே விலை என்பதைக் கவனியுங்கள். ‘என் படம் அவர் படத்தைவிடக் குறைவா?’ என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கழகங்களில் பாதி நேரத்தைத் தின்பது அந்தப் பேச்சுதான்.

கண்காட்சி வைத்தே தீர வேண்டுமென்றால் படத்துக்கு ஒன்றாக 8-க்கு 12 மாதிரிப் பிரிண்டை சன்போர்டில் (இலேசான நுரை அட்டையில்) ஒட்டி வையுங்கள். பக்கத்தில் படத்தின் எண், கழகக் கணக்கின் க்யூஆர் கோடு. பார்த்தவர் அங்கேயே ஆர்டர் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

என்ன விலை வைப்பது? ‘வருவது முழுவதும் நிவாரணத்துக்கே’ என்று போடலாமா?
– வாசகி, மதுரை

யாராவது செலவை ஏற்றுக்கொண்டால் ஒழிய, போடக் கூடாது. ‘செலவு போக’ என்று சொல்லுங்கள். செலவு எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் லேப் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பருத்தித் தாளில் 12-க்கு 18 பிரிண்ட், விலை 3,000. பிரிண்ட் 900, பேக்கிங் 110, கூரியர் 140, இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயின் கழிவு 2 சதவீதம், அந்தக் கழிவின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என 70 ரூபாய் 80 காசு. மொத்தச் செலவு சுமார் 1,221. மிஞ்சுவது 1,779, அதாவது 59 சதவீதம். இதையே சாதாரண லேப் தாளில் 8-க்கு 12 ஆக 1,500-க்கு விற்றால்? பிரிண்ட் 120, பேக்கிங் 60, கூரியர் 80, கழிவு 35 ரூபாய் 40 காசு. மிஞ்சுவது சுமார் 1,205, அதாவது 80 சதவீதம். ஒரு பிரிண்டுக்கு வரும் தொகை குறைவுதான். ஆனால் 3,000-க்கு யோசிப்பவர் 1,500-க்கு யோசிக்க மாட்டார். முதல் முறை செய்பவர்கள் சின்ன அளவிலேயே தொடங்குவது நல்லது. புகைப்படக்காரர்களின் கூட்டமைப்பான மேக்னம் பல ஆண்டுகளாக நடத்தும் சதுரப் பிரிண்ட் விற்பனையில் படம் 6 அங்குலம்தான். அது தர்மக் கணக்கு அல்ல, வியாபாரம். இருந்தாலும் சின்ன அளவு, குறைந்த விலை, குறுகிய தேதி என்ற பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நூற்றுக்கு ஐந்து பிரிண்டாவது மடங்கியோ நனைந்தோ போய் மறுபடி போட வேண்டிவரும். அந்தச் செலவையும் முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

இன்னொரு சின்ன உபாயம். யு.பி.ஐ.யில் பணம் வாங்கினால் கழிவு மிச்சம். ஆனால் முந்நூறு பேர் 1,500, 1,500 என்று அனுப்பினால் யார் எந்தப் படத்துக்கு அனுப்பினார் என்று தெரியாமல் விழிப்பீர்கள். குறிப்பு எழுதச் சொன்னாலும் பலர் எழுத மாட்டார்கள். விலையோடு படத்தின் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்: 7-ஆம் படம் 1,507, 32-ஆம் படம் 1,532. வங்கிக் கணக்குத் தாளே ஆர்டர் புத்தகமாகிவிடும்.

உறுப்பினர்கள் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். போதுமா?
– வாசகர், திருநெல்வேலி

போதாது. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, நீளப் பக்கம் 1,600 பிக்சல் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அதை 12 அங்குல நீளத்தில் போட்டால் அங்குலத்துக்கு 133 பிக்சல்தான். முடியிழை, இலை, மணல் எல்லாம் மெழுகு பூசியதுபோல் வரும். அதையே ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவ் இணைப்பு வாங்குங்கள்.

அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 8-க்கு 12 பிரிண்டுக்கு 2,400-க்கு 3,600 பிக்சல் வேண்டும். 12-க்கு 18 பிரிண்டுக்கு 3,600-க்கு 5,400. 240 இருந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 200-க்குக் கீழே போக வேண்டாம். மென்பொருளில் பிக்சலைப் பெருக்கி அனுப்புகிறவர்கள் இருப்பார்கள். 100 சதவீதத்தில் திறந்து பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

செல்போன் படங்கள் 4-க்கு 3 விகிதம், கேமரா படங்கள் 3-க்கு 2. ஒரே தாள் அளவில் இரண்டையும் போட்டால் லேப் தானாகவே தலையையோ காலையோ வெட்டிவிடும். படத்தை வெட்டாமல், வெள்ளை ஓரத்தைக் கூட்டிக் குறைத்து நீங்களே தாள் அளவுக்குக் கோப்பைத் தயாரித்துக் கொடுங்கள்.

திரையில் பளிச்சென்று இருக்கும் படம் பிரிண்டில் இருட்டாக வருகிறது. லேப்காரரிடம் கேட்டால் ‘உங்கள் ஃபைல் அப்படி’ என்கிறார்.
– வாசகர், கோவை

பெரும்பாலும் அவர் சொல்வது சரி. லேப்டாப் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் படம் ஏற்கெனவே வெளிச்சமாக இருப்பதாகத் தோன்றும், மேலும் வெளிச்சம் கூட்டாமல் கையை மடக்கிக்கொள்வீர்கள். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பிரிண்டுக்காகத் திருத்தும் திரை 100 முதல் 120 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில் இருந்தால் போதும். அளக்கும் கருவி இல்லையா? திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு ஏ4 தாளை அறை வெளிச்சத்தில் பிடியுங்கள். திரை விளக்குபோல எரிந்தால் குறையுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, அதற்குப் பிறகு படத்தைத் தொடுங்கள்.

நிறம் செத்துப்போய் வருவதற்குக் காரணம் வேறு. அடோப் ஆர்ஜிபி என்ற அகன்ற நிற வரம்பில் வைத்த கோப்பில் அந்த நிற விவரம் பதியாமல் போனால், லேப் இயந்திரம் அதை எஸ்ஆர்ஜிபி என்ற சாதாரண வரம்பாக எடுத்துக்கொள்ளும். தோல் நிறம் சாம்பல் பூத்துவிடும். சாதாரண லேபுக்கு எஸ்ஆர்ஜிபியாக மாற்றியே கொடுங்கள். நிறமி மையில் (பிக்மென்ட் இங்கில்) போடும் லேப் என்றால் அவர்களுடைய ஐசிசி கோப்பை (அந்தத் தாளிலும் மையிலும் நிறம் எப்படி வரும் என்ற விவரத்தை) வாங்கி, மென்பொருளில் முன்னோட்டம் பாருங்கள். குங்குமச் சிவப்பும் மயில்கழுத்து நீலமும் பளபளப்பில்லாத மேட் தாளில் திரையில் இருந்தபடி வரவே வராது. முன்னாலேயே கொஞ்சம் இறக்கிவைத்தால் உள் விவரமாவது தப்பும். இல்லாவிட்டால் பட்டுப்புடவை மடிப்பெல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும்.

கறுப்பு வெள்ளைப் படத்தைச் சாதாரண வண்ணத் தாளில் போட்டால் பச்சையோ ஊதாவோ இலேசாக ஓடும். 40 படத்தில் பத்து கறுப்பு வெள்ளை என்றால், எல்லாவற்றையும் சாம்பல் மைகள் உள்ள நிறமி மை இயந்திரத்தில் போடுவது உத்தமம்.

மொத்தமாகப் போடச் சொல்வதற்கு முன் 40 படத்தையும் 4-க்கு 6-ல் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

கையெழுத்து எங்கே, எதனால் போடுவது? ‘25-க்கு 3’ (25 பிரிண்டில் மூன்றாவது) என்று எண் போட வேண்டுமா?
– வாசகர், புதுச்சேரி

பருத்தித் தாள் என்றால் முன்பக்க வெள்ளை ஓரத்திலோ பின்பக்கத்திலோ பென்சிலால். பிளாஸ்டிக் பூச்சுள்ள லேப் தாளில் பென்சில் பிடிக்காது. நிறமி மை மார்க்கர் வேண்டும், காய இரண்டு நிமிடம் விட வேண்டும். உடனே அடுக்கினால் கீழே உள்ள படத்தின் நடுவில் உங்கள் கையெழுத்து கண்ணாடியில் பார்த்தாற்போல் பதிந்திருக்கும். பால்பாயின்ட் பேனாவைத் தொடவே வேண்டாம். எழுதியது முன்பக்கம் புடைத்துத் தெரியும்.

எண் போடுவது வாக்கு. 25 என்று போட்டால் அந்த அளவில் 26-ஆவது பிரிண்ட் உங்கள் ஆயுசுக்கும் போடக் கூடாது. பெரிய அளவில் பின்னால் விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே எழுதிவிடுங்கள். நிவாரண விற்பனைக்கு எண்ணைவிடத் தேதி வரம்பே மேல்: ‘இந்தப் பத்து நாள் ஆர்டருக்கு மட்டும் போட்டது’ என்று பின்னால் ஒரு சீட்டு. எத்தனை பேர் கேட்டாலும் கொடுக்கலாம், வாக்கும் தவறாது.

நான் கல்யாணப் புகைப்படக்காரர். நான் எடுத்த ஒரு மணப்பெண் படத்தைக் கொடுக்கலாமா? பத்திரிகையில் வேலை பார்க்கும் என் நண்பரும் கேட்கிறார்.
– வாசகர், தஞ்சாவூர்

உங்களுக்கான பதில்: அந்த வீட்டார் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. எடுத்தவர் நீங்கள் என்பதால் மட்டும் விற்கும் உரிமை வந்துவிடாது.

நண்பர் விஷயம் வேறு மாதிரி. அதே பிரிவின்படி, சம்பள வேலையில் இருந்துகொண்டு எடுத்த படத்தைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு, மற்றவை எடுத்தவருக்கு. ஆனால் வேலை ஒப்பந்தம் இதை மாற்றி எழுதியிருக்கலாம். அவர் பணிநியமனக் கடிதத்தைப் படித்துவிட்டு, ஆசிரியரிடம் ஒரு மின்னஞ்சல் அனுமதி வாங்கிக்கொள்ளட்டும்.

கழகமும் ஒவ்வொருவரிடமும் அரைப்பக்கக் கடிதம் வாங்க வேண்டும். எந்தப் படம், என்ன அளவு, எந்தத் தேதி வரை, விளம்பரத்துக்கு எங்கெங்கே போடலாம், முடிந்ததும் கோப்பை அழித்துவிடுவோம் என்ற உறுதி. பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். இத்தனை பிரிண்ட் போட்டுக்கொள்ளும் அனுமதி போதும்.

வெள்ளப் படங்களையே விற்கலாமா? அவைதானே மனதைத் தொடும்?
– வாசகி, தூத்துக்குடி

கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் ஒருவரின் முகத்தை இன்னொருவர் வீட்டு வரவேற்பறைக்கு விற்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. குழந்தை முகம் என்றால் பேச்சே இல்லை. செய்திக்கு அந்தப் படம் வேண்டும்; சுவருக்கு வேண்டாம். நடைமுறையிலும் சுவரில் மாட்ட மக்கள் வாங்குவது அந்த ஊரின் நல்ல நாளைத்தான்: உப்பளத்துக் காலை, வலை காயும் கரை, தேரோட்டம்.

வாங்குபவருக்கு வரிவிலக்கு கிடைக்குமா? பணத்தை யார் கணக்கில் வாங்குவது?
– வாசகர், சென்னை

கிடைக்காது. வருமான வரியில் 80ஜி என்று வழக்கத்தில் சொல்லும் விலக்கு நன்கொடைக்கு. 1,500 கொடுத்து ஒரு பொருளை வாங்குவது விற்பனை. ‘நன்றிப் பரிசு’ என்று பெயர் மாற்றினாலும், விலைப்பட்டியல் போட்டுக் கொடுக்கும் பொருள் பொருள்தான். படத்தைக் கொடுக்கும் புகைப்படக்காரருக்கும் கிடையாது. விலக்கு பணமாகக் கொடுத்த தொகைக்கு மட்டுமே, பொருளுக்கு இல்லை. கழகம் தன் கணக்கிலிருந்து முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குச் செலுத்தினால் ரசீது கழகத்தின் பெயரில் வரும். விலக்கை முக்கியமாக நினைப்பவரை நிதிக்கே நேராகச் செலுத்தச் சொல்லுங்கள். அவர் பழைய வரிமுறையில் இருந்தால்தான் அதற்கும் பயன்.

செயலாளரின் சொந்த சேமிப்புக் கணக்கில் வாங்கவே கூடாது. நாலு லட்சம் வந்து போனால் அது அவர் வருமானமா என்ற கேள்வி அவர் தலையில் விழும். பதிவுபெற்ற சங்கத்தின் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து.

பலருக்கும் தெரியாத ஒன்று ஜி.எஸ்.டி. விதி. இந்த வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு குறைவானாலும், பதிவு செய்திருக்க வேண்டும். பெங்களூருக்கு ஒரே ஒரு பிரிண்ட் போனாலும் அதே விதி. ஏற்கெனவே பதிவுள்ள லேபே பில் போட்டு விற்று, தன் செலவையும் வரியையும் கழித்துக்கொண்டு மீதியை நிதிக்குச் செலுத்துவதாக எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்வது சுலபமான வழி. கையெழுத்துப் போடுமுன் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

இங்குள்ள தமிழர்கள் நிறைய வாங்குவார்கள். ஊரிலுள்ள கழகத்துக்கே பணம் அனுப்பலாமா?
– வாசகர், டொராண்டோ

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. கனடாக் குடியுரிமை பெற்றவர், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. அந்தச் சட்டத்தில் பதிவு இல்லாத கழகம் அவர் பணத்தைத் தொடக் கூடாது. ‘விற்பனைதானே’ என்ற வாதம் வழக்கமான வியாபாரிக்குச் செல்லும். நிவாரணத்துக்கென்று கூடிய கழகத்துக்குச் செல்லுமா என்று சோதித்துப் பார்க்காதீர்கள். பதிவுள்ள ஓர் அமைப்பு வாங்கி உங்கள் கழகத்துக்கு மாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது.

கோப்பை டொராண்டோவுக்கு வரவழைத்து அங்கேயே அச்சிட்டு, அங்கே பதிவான தொண்டு அமைப்பு ஒன்றின் வழியாக விற்றுவிடுங்கள். கூரியர் செலவும் மிச்சம். கனடாவில் பொருளின் சந்தை மதிப்பைக் கழித்து மீதித் தொகைக்கு அந்த அமைப்பு நன்கொடை ரசீது தர முடியும். இங்கே இல்லாத வசதி அது.

போன முறை அனுப்பிய பிரிண்டுகளில் சில மடிந்தும் சில ஒட்டிக்கொண்டும் போய்ச் சேர்ந்தன.
– வாசகர், நாகர்கோவில்

ஒட்டியதற்குக் காரணம் அவசரம். நிறமி மைப் பிரிண்ட் தொட்டால் காய்ந்ததாகத்தான் இருக்கும். உள்ளே ஈரம் போக 24 மணி நேரம் வேண்டும், மழைக்காலத்தில் இரண்டு நாள். அதற்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டால் உறையின் உட்புறம் பனி படர்ந்து மேற்பரப்பு பிசுபிசுக்கும்.

‘மடிக்காதீர்கள்’ என்று சிவப்பில் எழுதுவதால் யாரும் மடிக்காமல் இருக்கப்போவதில்லை. மடிக்க முடியாதபடி அட்டை வையுங்கள். 12-க்கு 18 பிரிண்டுக்கு 14-க்கு 20 அளவில் பெட்டி அட்டை இரண்டு. ஒன்றின் நெளிவரிகள் நீளவாக்கில், மற்றதன் வரிகள் குறுக்குவாக்கில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வாக்கில் இருந்தால் வரியோடு சேர்ந்து ஒரே மடிப்பாக மடங்கும். பிரிண்டை உறையில் போட்டு, காகித முக்கோணங்களால் நாலு மூலையிலும் அட்டையில் நிறுத்துங்கள். பிரிண்டின் மேல் டேப் படக் கூடாது. உறையின் மூடியில் பசைக்கோடு இருந்தால் வெளியே எடுக்கும்போது படத்தின் விளிம்பு அதில் ஒட்டி உரியும். பசை உறையின் உடம்பில் இருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். முகவரியை முதலில் எழுதி, பிறகு ஒட்டுங்கள். பார்சலின் மேல் வைத்து பேனாவால் அழுத்தினால் தடம் உள்ளே வரை போகும்.

அதைவிடப் பெரிய படம் என்றால் குழாய். விட்டம் 3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 300 ஜி.எஸ்.எம். தடித்த தாளை ஒல்லிக் குழாயில் சுருட்டினால் மேல்பூச்சு வெடிக்கும், பிறகு விரித்தாலும் நிமிராது.

படம் விற்க எனக்கு ஆர்வமில்லை. புகைப்படக்காரனாக வேறு என்ன செய்யலாம்?
– வாசகர், வேதாரண்யம்

நனைந்த ஆல்பங்களைக் காப்பாற்றலாம். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் மியாகி மாவட்டத்து யமமோட்டோ ஊரில் சேற்றிலிருந்து கிடைத்த சுமார் ஏழரை லட்சம் படங்களைத் தன்னார்வலர்கள் கழுவி, ஸ்கேன் செய்து, சொந்தக்காரர்களிடம் சேர்க்கப் பாடுபட்டார்கள்.

கையாளும் முறை இது. ஒட்டிய படங்களைக் காயவிட்டுப் பிரிக்காதீர்கள், காய்ந்தால் கல். சுத்தமான குளிர்ந்த நீர்த் தட்டில் போட்டு, தானாக விலகும்போது ஓரத்தைப் பிடித்து எடுங்கள். ஜெலட்டின் பரப்பு ஊறிக் கூழாக இருக்கும், விரல் பட்டால் முகம் போய்விடும். வேறொரு தட்டு நல்ல நீரில் அலசி, வெள்ளைத் துணியில் படம் மேல்நோக்க நிழலில் காயப்போடுங்கள். வெயிலும் ஹேர்டிரையரும் சுருட்டிவிடும். இரண்டு நாளில் பூஞ்சை வரும். அதற்குள் முடியாத படங்களை இடையிடையே மெழுகுத்தாள் வைத்து, பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள், பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

இங்க்ஜெட் பிரிண்டை நீரில் போடாதீர்கள், மை கரையும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தை இழுக்காதீர்கள். கண்ணாடியோடே வைத்துக் கேமராவில் நகல் எடுங்கள். கரிஸ்மா ஆல்பம் (படங்களைத் தடித்த பக்கங்களாகவே அச்சிட்ட கல்யாண ஆல்பம்) ஓரத்தில்தான் முதலில் நீர் குடிக்கும். பக்கங்களைப் பிரிப்பதற்கு முன், திறக்கிற மட்டும் திறந்து ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துவிடுங்கள். பிரிக்கும்போது எது கிழிந்தாலும் அந்த நகலிலிருந்து 8-க்கு 12 ஒன்று போட்டுக் கொடுத்துவிடலாம்.